ஓமமும் நானோவும்: ஒரு குட்டி வரலாறு

1/ ஓம வாசனைக்குக் காரணம் தைமால். கிருமிகளைக் கொல்லும். முதல் உலகப்போருக்கு முன்னாடி, இதை எடுக்கவே இந்திய ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறியது.

2/ 1909-ல் அமைந்த ராக்பெல்லர் ஆணையம், அமெரிக்கத் தென்மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்கக் கொடுத்ததும் தைமால்தான். கூடவே பேதி உப்பு.

3/ ஒரு கண்டிப்பு: அன்னைக்குக் கொழுப்பும் சாராயமும் கூடாது. தைமால் தண்ணியில சரியா கரையாது. குடல்லயே நின்னு புழுவைக் கொல்லும். கொழுப்பிலயோ சாராயத்திலயோ கரைஞ்சா ரத்தத்துல ஏறி ஆளையே சாய்ச்சிடும்.

4/ இன்றைய நானோ ஆய்வுக்கும் கரைவதுதான் சிக்கல். தாவர எண்ணெயை 200 நானோமீட்டருக்கும் சின்னத் துளிகளா உடைச்சா, தண்ணியில பரவிக் கிருமியை எளிதா எட்டும். நம்ம செல்களையும்தான் எட்டும். அதனால பாதுகாப்புச் சோதனை முக்கியம்.

5/ ஓமத்தண்ணி வேற, ஓம எண்ணெய் வேற. 'இயற்கைதானே'ன்னு குழந்தை வாயில எண்ணெயை ஊத்தாதீங்க.