அணையை நிறுத்திய குரங்கு

சிங்கவால் குரங்கு என்றதும் பலரும் அதன் முகத்தைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறப் பிடரியைத்தான் நினைப்பார்கள். பெயர் வந்தது அதனால் இல்லை. வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல ஒரு குஞ்சம், அவ்வளவுதான்! (தமிழில் சோலைமந்தி என்று அழகான பெயரும் உண்டு.) மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இது கிடையாது. மொத்தமே சுமார் 4000 என்பது மதிப்பீடு.

இந்தக் குரங்கு 1970களில் அரசியலுக்கு வந்தது. பாலக்காடு மாவட்டத்து சைலண்ட் வேலியில், குந்திப்புழை ஆற்றில் அணை கட்டி முதல் கட்டமாக 120 மெகாவாட் மின்சாரம் எடுக்க கேரள மின்வாரியம் திட்டமிட்டது. 1973ல் திட்டக் கமிஷனின் அனுமதியும் கிடைத்தது. மூழ்கப்போவது சுமார் 830 ஹெக்டேர் காடுதானே என்றார்கள் ஆதரவாளர்கள்.

ஆனால் சோலைமந்தியை ஹெக்டேரில் கணக்குப் பார்க்க முடியாது. அது மர உச்சியில் வாழும் பிராணி. வெடிப்பலா மரத்தின் பூவும் விதையும் அதற்கு முக்கியமான சாப்பாடு. கிளையோடு கிளை சேர்ந்திருந்தால்தான் ஒரு கூட்டம் நகர முடியும். நடுவில் இடைவெளி விழுந்தால் அந்தப் பக்கம் வேறு உலகம். ஒரு கூட்டத்தில் பத்து இருபது குரங்குகள், பெரும்பாலும் ஒரே ஒரு வளர்ந்த ஆண். பெண் குரங்கு ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இரண்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி விடும். குறைந்த எண்ணிக்கை சட்டென்று கூடாது.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகப் பேசியது. கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சலீம் அலி எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மனுஷனுக்கு கரண்டா, குரங்குக்குக் காடா என்ற கிண்டலும் இல்லாமல் இல்லை. கடைசியில் 1983ல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த வருஷமே அது தேசியப் பூங்கா.

தமிழ்நாட்டிலும் 1976ல் களக்காடு சரணாலயம் இந்தக் குரங்கை மனதில் வைத்தே வந்தது. வால்பாறை கதைதான் வேறு. அங்கே தடுத்து நிறுத்த அணை எதுவும் இல்லை. 1890களிலிருந்தே தோட்டங்களுக்காகக் காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, துண்டு துண்டாக்கிவிட்டார்கள். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் தரையில் இறங்கி நடக்கின்றன, வீட்டுச் சமையலறைக்குள் நுழைகின்றன, வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. இப்போது ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். குரங்குகள் அதில் ஏறிக் கடக்கவும் பழகிவிட்டன.