இலக்கிய வகையும் அன்பின் வகையும்: தமிழ்க் கிறித்தவக் கவிதை குறித்து

மேலைக் கிறித்தவச் சிந்தனை அன்பை வகுத்துப் பார்த்தே பழகியது. சுவீடன் நாட்டு இறையியலாளர் ஆண்டர்ஸ் நீக்ரன் 1930களில், கடவுளை நாடி ஏறும் மனிதக் காதலையும் மனிதனை நோக்கி இறங்கும் இறையன்பையும் எதிரெதிரே நிறுத்தினார். சி. எஸ். லூயிஸ் 1960இல் பாசம், நட்பு, காதல், அருளன்பு என நான்காகப் பகுத்தார். இந்த அளவுகோல்களால் தமிழ்க் கிறித்தவக் கவிதையை அளப்பது எளிது, பயன் குறைவு. தமிழ்ப் புலவர் அன்பைப் பாட எண்ணியபோது கையில் எடுத்தது ஓர் இலக்கிய வகையை. காப்பியமும் குறவஞ்சியும் தத்தமக்குரிய அன்பு முறையோடுதான் அவரிடம் வந்தன. அம்மரபு கிறித்தவப் பொருளோடு எங்கே ஒத்துப்போயிற்று, எங்கே முரண்பட்டது என்று பார்த்தால்தான் அப்புலவரின் இறையியல் புலப்படும்.

வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) முரண்பாட்டுக்குச் சான்று. பெருங்காப்பியத்துக்குத் தண்டியலங்காரம் சொல்லும் உறுப்புகளில் ஊடலும் கூடலும் அடங்கும். அவர் தெரிவு செய்த தலைமக்களோ சூசையும் மரியாளும். மணம் புரிந்தும் கன்னிமை காத்தவர்கள். இலக்கணம் அறியாமல் செய்த தெரிவு அன்று இது; தொன்னூல் விளக்கத்தில் ஐந்திலக்கணமும் வகுத்தவர் அவர். மனைவி கருவுற்றிருப்பதைக் கண்டு சூசை கலங்குவதையும் ஐயம் நீங்கித் தெளிவதையும் மத்தேயு சில வசனங்களில் முடித்துவிடுகிறார். காப்பியத்தில் அது விரிகிறது. காப்பிய மரபில் ஊடலுக்கு உரிய உணர்ச்சிச் செறிவை இக்கலக்கம் ஏற்றுக்கொள்கிறது என்பது என் கருத்து. இல்லறக் காதல் இங்கே ஒதுக்கப்படவில்லை, வேறொரு வகையில் நிறைவேறுகிறது.

அதே நூலில் கருணையன், அதாவது திருமுழுக்கு யோவான், தாய் எலிசபெத்தை இழந்து காட்டில் தனித்துப் புலம்பும் பகுதியைப் பள்ளிப் பாடத்திலேயே பலர் படித்திருப்பர். எலிசபெத்தின் இறப்பு நற்செய்தி நூல்களில் இல்லை. மரமும் மலரும் பறவையும் மகனோடு அழும் அக்காட்டை, சங்கப் பாடலில் இயற்கைக்கு உள்ள இடத்தை அறிந்த வாசகர் உடனே அடையாளம் காண்பர். அந்த இயற்கையை ஆராய்ந்து நூல் எழுதிய தனிநாயகம் அடிகளும் கத்தோலிக்கத் துறவியே. 

கிறித்தவப் பொருளோடு மரபு முழுதும் ஒத்துப்போன இடம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி (1800). குறவஞ்சியில் தலைவன்தான் முதலில் தெருவுக்கு வருகிறான். உலா வரும் அவனைக் கண்ட பிறகே தலைவி காதல் கொள்கிறாள். இறைவன் மண்ணில் வந்ததே மனிதக் காதலுக்கு முந்தியது என்ற கொள்கைக்கு இதைவிடப் பொருந்தும் கதையமைப்பு உண்டா? நீக்ரன் பிரித்து வைத்த இறங்கும் அன்பும் ஏறும் காதலும் இங்கே ஒரே தெருவில் சந்திக்கின்றன. இன்னொரு பொருத்தமும் உண்டு. குறவஞ்சியில் தலைவனும் தலைவியும் கூடும் காட்சி இடம்பெறுவதில்லை. கூடுவார்கள் என்று குறத்தி குறி சொல்கிறாள், அவ்வளவே. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலும் வசந்தவல்லிக்குக் கிடைப்பது வாக்குத்தான். சாஸ்திரியாரின் தலைவி தேவமோகினி சீயோன் குமாரத்தி, திருச்சபையின் உருவம். ஞானசிங்கி விசுவாசமாக நின்று குறி சொல்ல, காதல் நம்பிக்கையாகவே நிற்கிறது. கிறிஸ்துவின் மறுவருகைக்குக் காத்திருக்கும் சபையின் நிலை இதுவே. விவிலியத்தின் உன்னதப்பாட்டு சாஸ்திரியாருக்கு வேத ஆதாரம் தந்தது; காத்திருப்பின் வடிவத்தைத் தந்தது குறவஞ்சிதான்.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) ஜான் பனியனின் பயண உருவகக் கதையைத் தழுவியது. பனியனிடம் சிலுவை, பயணியின் சுமை கழன்று விழும் இடம். பிள்ளை கிறிஸ்துவின் பாடுகளையே விரித்துப் பாடுகிறார். சூழ நின்றோர் அழுகின்றனர். இராமன் காடு புகப் புறப்பட்டபோது அயோத்தி அழுததைக் கம்பனில் படித்தவருக்கு இந்த அழுகையின் ஊற்று தெரியும். மண்ணோர் தலைவனைப் பிரியும் அன்பு இது. லூயிஸின் நான்கில் எதிலும் இது முழுதாக அடங்காது.

அயலாரை நேசிக்கும் அன்புக்கோ தமிழ் மரபு ஆயத்தமான வகை எதையும் கொடுக்கவில்லை. ஆற்றுப்படை வறியவனைப் புரவலனிடம் அனுப்பும், அவ்வளவே. இக்குறை கவிதையோடு நிற்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். தேவமோகினியின் ஏக்கத்தைப் பாடிய அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வேறுபாட்டை நீக்க முனைந்த மிஷனரிமாரை எதிர்த்து ‘சாதி திருத்தலின் பயித்தியம்’ எழுதினார். தலைவன் தலைவி உறவில் முழுமை கண்ட கவிதை, பக்கத்து இருக்கையில் இருப்பவனைக் காணவில்லை. நம் சமய இலக்கிய வரலாறுகள் இதை மென்மையாகக் கடந்துபோவது சரியன்று.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையிடம்தான் ஒரு மாற்றம் தெரிகிறது. நீதிநூலிலும் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளிலும் கத்தோலிக்கராகிய அவர் எல்லாச் சமயத்தாரும் பாடக்கூடிய மொழியைக் கைக்கொண்டார். 1876-78 பஞ்சத்தில் தம் பொருளைக் கொடுத்துப் பசித்தோரைக் காத்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். கவிதைச் செறிவில் இக்கீர்த்தனைகள் தேம்பாவணிக்கு ஈடாகா. ஆயினும் அயலாரன்பு தனக்கென ஒரு குரலைத் தேடிய தொடக்கம் இங்கேதான்.

கிறித்தவத் தமிழ் இலக்கியத்தைத் தனித் தாளாகவே கற்பிக்கும் வழக்கம் இந்தத் தொடர்புகளை மறைக்கிறது. பெத்லகேம் குறவஞ்சியைக் குற்றாலக் குறவஞ்சியோடு ஒரே வகுப்பில், ஒரே வாரத்தில் படிக்க வேண்டும். சென்னைத் தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இந்த ஒப்பாய்வை அங்குள்ள இளம் ஆய்வாளர்கள் கையிலெடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.