உணவக வரியில் எழுந்த பூங்கா: கிரீன்வில் நகரின் வரலாறு

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள கிரீன்வில் நகரில் உணவகத்தில் உண்பவர்கள் உணவின் விலையுடன் 2 விழுக்காடு உள்ளூர் வரி செலுத்துகின்றனர். 50 டாலர் உணவுக்கு இது 1 டாலர் ஆகும். மாநில விற்பனை வரி இதில் சேராது. 'விருந்தோம்பல் வரி' எனப்படும் இச்சிறு வரியின் வருவாயே நகரின் நடுவிலுள்ள ரீடி ஆற்று நீர்வீழ்ச்சிப் பூங்கா உருவாகக் காரணமாக அமைந்தது.

ஆறும் ஆலைகளும்

கிரீன்வில் நகரம் ரீடி ஆற்றின் நீர்வீழ்ச்சியை ஒட்டித் தோன்றியது. 18ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் பியரிஸ் என்பவர் இங்கு வணிக நிலையமும் மாவு ஆலையும் அமைத்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துணி ஆலைகள் பெருகின. ஆலைகளின் சாயக்கழிவு ஆற்றில் கலந்ததால், அன்றைய சாயத்தின் நிறமே ஆற்றின் நிறமாகவும் இருந்தது. 1960இல் நீர்வீழ்ச்சிக்கு மேலே கேம்பர்டவுன் என்னும் நான்கு வழிச் சாலைப்பாலம் கட்டப்பட்டு, நீர்வீழ்ச்சி பார்வையிலிருந்தே மறைந்தது.

1967இல் கரோலினா ஃபுட்ஹில்ஸ் தோட்டக் கழகத்தின் பெண்கள், நகராட்சி, ஃபர்மன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் துணையுடன் அங்கிருந்த 26 ஏக்கர் நிலத்தைப் பூங்காவுக்காக மீட்டனர். ஆனால் பாலம் அப்படியே நின்றது. பெரும்பணிக்கான நிதியும் இல்லை.

1997ஆம் ஆண்டுச் சட்டம்

1997இல் தென் கரோலினா சட்டமன்றம், சமைத்த உணவு, பானங்கள் ஆகியவற்றின் விற்பனை மீது அதிகபட்சம் 2 விழுக்காடு வரி விதிக்கும் உரிமையை உள்ளாட்சிகளுக்கு அளித்தது. இதற்குப் பொதுவாக்கெடுப்பு தேவையில்லை. மன்றத்தின் தீர்மானமே போதும். ஆனால் வருவாயைப் பொதுநிதியில் கலக்காமல் தனிக்கணக்கில் வைக்க வேண்டும். சுற்றுலாவுடன் தொடர்புடைய கட்டடங்கள், பண்பாட்டு, பொழுதுபோக்கு இடங்கள், அவற்றுக்கான சாலைகள், விளம்பரம் போன்றவற்றுக்கே செலவிட வேண்டும்.

பாலம் அகன்ற கதை

1995இல் மேயரான நாக்ஸ் ஒயிட், கேம்பர்டவுன் பாலத்தை அகற்ற வேண்டுமென வலியுறுத்தினார். பயன்பாட்டிலுள்ள பாலத்தை ஏன் இடிக்க வேண்டும், போக்குவரத்து என்னவாகும் என்று எதிர்ப்பு எழுந்தது. பல ஆண்டு விவாதத்திற்குப் பின் 2002இல் பாலம் அகற்றப்பட்டது. மறைந்திருந்த நீர்வீழ்ச்சி மீண்டும் வெளிப்பட்டது.

2004இல் புதிய பூங்கா திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் மிகேல் ரொசாலெஸ் வடிவமைத்த லிபர்ட்டி நடைபாலம் பூங்காவின் அடையாளமாயிற்று. ஏறத்தாழ 350 அடி நீளமுள்ள இப்பாலத்தை ஒரு பக்கத்துத் தொங்கு வடம் மட்டுமே தாங்குகிறது. மறுபக்கம் தடையின்றித் திறந்திருப்பதால் நடப்பவர்கள் நீர்வீழ்ச்சியை முழுமையாகக் காண முடிகிறது. பாலத்திற்கு மட்டும் ஏறத்தாழ 45 லட்சம் டாலர் செலவானது. பூங்காவைச் சுற்றிப் புதிய உணவகங்களும் விடுதிகளும் பெருகின. உணவக வரியில் எழுந்த பூங்கா, அவ்வரியை ஈட்டித்தரும் உணவகங்களையும் ஈர்த்தது.

யூனிட்டி பூங்கா

இதே வரியின் துணையுடன் ஆற்றின் மேற்குப் பகுதியில் 60 ஏக்கர் பரப்பில் யூனிட்டி பூங்கா அமைக்கப்பட்டு 2022 மே மாதம் திறக்கப்பட்டது. இவ்விடத்திற்குக் கசப்பான வரலாறு உண்டு. இனப் பாகுபாட்டுக் காலத்தில் கறுப்பினச் சிறுவர்களுக்கென இங்கு மேபெரி பூங்கா இருந்தது. 1930களின் இறுதியில் அதன் நிலத்தில் ஒரு பகுதி எடுக்கப்பட்டு மெடோபுரூக் பேஸ்பால் அரங்கு கட்டப்பட்டது. புதிய பூங்கா இவ்விரண்டு இடங்களையும் ஒன்றாக இணைத்தது.

எனினும் பூங்கா வந்தால் நிலத்தின் விலை உயரும், நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஏழைக் குடும்பங்கள் வெளியேற நேரும் என்ற அச்சம் எழுந்தது. நகராட்சி அருகிலிருந்த தன் நிலத்தில் ஒரு பகுதியைக் குறைந்த வாடகை வீடுகளுக்கு ஒதுக்கியது.

வரியின் வலிமையும் எல்லையும்

ஒரே நோக்கத்திற்கெனப் பூட்டப்பட்ட நிதி என்பதாலேயே இவ்வரியால் பெரும் பூங்காக்கள் உருவாயின. அதே பூட்டுதான் அதன் எல்லையும் ஆகும். சுற்றுலாவுக்குரிய இப்பணத்தைக் கொண்டு பூங்காவின் அண்டைவீட்டாருக்கு வீடு கட்டித்தர இயலாது. மேலும் 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது மாநிலத்தில் உணவகங்களில் அமர்ந்து உண்பது தடைசெய்யப்பட்டபோது, இவ்வரியின் ஊற்றும் வற்றத் தொடங்கியது. வெளியூர்ப் பயணிகளை ஈர்ப்பதற்கான வரி என்றாலும், மதிய உணவுக்கு வரும் உள்ளூர்த் தொழிலாளியும் அதே 2 விழுக்காட்டைச் செலுத்துகிறார். அவ்வரியால் உருவான பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் இல்லை.