எக்கியார்குப்பம் பகுதியில் வீட்டுத் தரையும் தளப்படுகையும்

எக்கியார்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை அடுத்துள்ள மீனவர் ஊர். கடல் ஒரு பக்கம், மரக்காணம் உப்பளங்கள் அண்டையில். உப்பு விளைவதற்கு ஏற்ற இந்த நிலம் வீட்டுத் தரைக்கு ஏற்றதன்று. மண்ணிலுள்ள உவர்நீர் நுண்துளைகள் வழியே மேலேறி, காய்ந்ததும் உப்பாகப் படியும். அந்த உப்பு பூக்கும்போது தளத்தின் மேற்பரப்பு பொரிந்து உதிரும்.

பழைய குடிசைகளில் இது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. களிமண் திமிசு போட்டுச் சாணம் மெழுகிய தரையில் வெடிப்பு கண்டால், பெண்கள் அடுத்த மெழுகலில் அடைத்துவிடுவார்கள். ஈரமும் தங்காமல் வெளியேறியது.

வசதியுள்ளோர் வீடுகளில் சுண்ணாம்புத் தளம் வந்தது. சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டுக் கிடைத்தது. மரக்காணம் வரை நீண்ட பக்கிங்காம் கால்வாயில், உப்பு, விறகு ஆகியவற்றுடன் கிளிஞ்சலும் படகுச் சரக்காக இருந்தது. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கி.மு. முதல் நூற்றாண்டு உரோமானியக் கட்டடவியலார் விட்ரூவியசும் ஏறக்குறைய இதையே எழுதியுள்ளார்: அடியில் கைப்பிடி அளவு கற்கள், மேலே மூன்று பங்கு உடைகல்லுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, அதன்மேல் அதே அளவில் ஓட்டுத்தூளும் சுண்ணாம்பும். எல்லாம் முடிந்த பிறகே அலங்காரக் கற்கள். இரு ஊர்க் கொத்தனார்களும் அடியில் இருப்பதற்கே அதிக உழைப்பைக் கொடுத்தார்கள்.

பின்னர் சிமெண்டுச் சிவப்புத் தரையும், அதையடுத்து டைல்ஸும் வந்தன. டைல்ஸ் வளையாது. கீழே தளம் மயிரிழை இறங்கினாலும், அதே கோட்டில் மேலே விரிசல் தெரியும். குற்றம் பெரும்பாலும் டைல்ஸில் இல்லை; கடைக்காலுக்குள் கொட்டிய மண்ணில் இருக்கிறது. ஒரே நாளில் லாரி மண்ணை நிரப்பி மட்டம் செய்தால், அது இரண்டு மழைக்காலத்தில் அமுங்கும். அரை அடிக்கு ஒரு அடுக்காக நிரப்பி, நல்ல தண்ணீர் விட்டு, திமிசு போட வேண்டும். கடல் மணல் அருகில் கிடைக்கிறதே என்று அள்ளுவது உப்பை வீட்டுக்குள் குடியேற்றுவதாகும்.

நிரப்பின்மேல் பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் 1:4:8 கலவையில் 40 மி.மீ. ஜல்லியிட்ட நான்கு அங்குலக் காங்கிரீட்டு. இதற்கு ஒரு வாரமாவது தண்ணீர் கட்ட வேண்டும். காயும் காங்கிரீட்டு சுருங்கும். அந்தச் சுருக்கம் அடங்குமுன் டைல்ஸ் ஒட்டுவதே அவசரத்தில் நடக்கும் பெரிய பிழை.

பழைய சிவப்புத் தரைமேல் ஒட்டுவதானால் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளல் ஓசை கேட்கும் இடத்தைப் பெயர்த்தெடுத்து நிரப்ப வேண்டும். வழவழப்பான பரப்பைக் கொத்திவிட வேண்டும். பழைய மண் ஓடுகள் நீரை உறிஞ்சிச் சிமெண்டுப் பாலைப் பற்றிக்கொண்டன. விட்ரிஃபைடு டைல்ஸ் அரை விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சாது. அதற்குரிய பசைக் கலவை இல்லாவிட்டால் நாளடைவில் தூக்கிக்கொள்ளும். சுவரோரம் சிறு இடைவெளி விட்டால், வெயிலில் விரியும் தரைக்கு இடம் கிடைக்கும். அந்த இடைவெளியைச் சுவரடிப் பட்டை மறைத்துவிடும்.

விரிந்த டைல்ஸை மாற்றுவது எளிதன்று. சில ஆண்டுகளில் அதே நிறம் கடையில் கிடைப்பதில்லை. அடியிலுள்ள காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை ஒட்டினால் அதுவும் அதே கோட்டில் விரியும்.