ஒரே கேமரா, இரண்டு சாலைகள்

பாளையங்கோட்டையைத் தாண்டி கே.டி.சி. நகர்ப் பக்கம் வந்துவிட்டால் கடலுக்குப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. இடப்பக்கம் தூத்துக்குடிக்குப் போகிற நான்குவழிச் சாலை. இன்றைக்கு அது தேசிய நெடுஞ்சாலை 138, பழைய எண் 7ஏ. வலப்பக்கம் செய்துங்கநல்லூர், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம் விலக்கு, ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு திருச்செந்தூருக்குப் போகிற சாலை. இரண்டும் ஏறத்தாழ 50 கிலோமீட்டரை ஒட்டிய தூரம்தான். இரண்டும் முடிவது மன்னார் வளைகுடாக் கரையில்தான். ஒன்று துறைமுகத்தில், மற்றது முருகன் சன்னிதியில். நான்குவழிச் சாலை வல்லநாட்டுக்குப் பக்கத்தில் தாமிரபரணியை ஒரு தடவை தாண்டுகிறது, அதோடு ஆற்றை விட்டு விலகிவிடுகிறது. திருச்செந்தூர்ச் சாலையோ ஆற்றின் தென்கரையைப் பிடித்துக்கொண்டே போகிறது.

சாலைப் பயணத்தை டைம்லாப்ஸ் படமாக எடுக்க விரும்புகிறவர்கள் இந்த இரண்டு சாலைகளிலும் ஒரே கேமராவை வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். காரின் முன்கண்ணாடிக்கு உட்புறம் ஓர் ஆக்‌ஷன் கேமரா, நொடிக்கு ஒரு படம், அவற்றை நொடிக்கு 30 பிரேமாக ஓட்டுவது. எல்லாரும் வைக்கிற அமைப்பு இதுதான். பயணம் முப்பது மடங்கு வேகத்தில் ஓடும். தூத்துக்குடிக்கு 45 நிமிடம் என்றால் 2,700 படங்கள், திரையில் 90 நொடி. திருச்செந்தூருக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 5,400 படங்கள், மூன்று நிமிடம். இரண்டையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக ஓடவிட்டால், இடப்பக்கம் தூத்துக்குடி வந்து சேரும்போது வலப்பக்கம் அப்போதுதான் ஸ்ரீவைகுண்டத்தை நெருங்கியிருக்கும்.

முதலில் நான்குவழிச் சாலை. இந்தப் படம் அநேகமாக முதல் முயற்சியிலேயே அழகாக வந்துவிடும். அதற்குக் காரணம் எடுப்பவரின் திறமை அல்ல, சாலையின் அமைப்பு. சாலை நேராக ஓடுவதால், தொலைவில் ஒரு புள்ளியிலிருந்து எல்லாம் விரிந்து நம் பக்கம் வந்துகொண்டே இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கார் 22 மீட்டர் நகர்கிறது. தொடுவானமும் மலையும் அந்த 22 மீட்டரில் இடம் மாறுவதில்லை. ஆகவே ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் பெரும்பகுதி பொதுவாகவே இருக்கும். கண் அவற்றைத் தைத்து ஓட்டமாக்கிக்கொள்ளும். மரநிழல் குறைவு என்பதால் வெளிச்சமும் ஒரே சீராக இருக்கிறது. எக்ஸ்போஷரையும் வொயிட் பேலன்ஸையும் பூட்டிவிட்டு மறந்துவிடலாம்.

ஒரே ஒரு தொல்லை, தார் மேல் போட்டிருக்கிற வெள்ளைக் கோடுகள். கோடுகளுக்கு இடையே உள்ள தூரமும் ஒரு நொடியில் கார் ஓடுகிற தூரமும் கிட்டத்தட்ட முழு மடங்காக அமைந்துவிட்டால், கோடுகள் நின்றுவிட்டது போலத் தெரியும். சில சமயம் பின்னோக்கி ஊரும். சினிமாவில் வண்டிச்சக்கரம் தலைகீழாகச் சுற்றுவதாகத் தெரிகிறதே, அதே காரணம்தான். இதற்கு மருந்து ஷட்டரைச் சோம்பலாக்குவது. ஒரு நொடி இடைவெளிக்கு அரை நொடி ஷட்டர் வைத்தால், கோடு ஒவ்வொன்றும் 11 மீட்டர் நீளத்துக்கு இழுபட்டு மங்கலாகிப் பால் ஊற்றியது போல வழுக்கும். பகல் வெளிச்சத்தில் அரை நொடி ஷட்டர் வைத்தால் படம் வெளுத்துப்போகும் என்பதால் லென்ஸுக்கு முன்னால் ஒளியைக் குறைக்கிற அடர்த்தியான என்.டி. ஃபில்டர் கட்டாயம். சாலை இழுபட்டு ஒளியாக ஓடுகிற இந்த அழகை உலகத்துக்குப் பழக்கியது, ரான் ஃபிரிக் ஒளிப்பதிவில் காட்ஃப்ரி ரெஜியோ எடுத்து 1982-இல் வெளிவந்த ‘கொயானிஸ்காட்ஸி’. இன்று நாம் எடுக்கிற ஒவ்வொரு நெடுஞ்சாலைப் படத்திலும் அதன் சாயல் இருக்கிறது.

இவ்வளவு அழகான 90 நொடிகளில் என்ன இருக்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் மனசு கொஞ்சம் சுருங்குகிறது. நடுத்திட்டில் அரளிச் செடிகள். வல்லநாட்டு மலை, 1987-இல் வெளிமான்களுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; மலை தெரியும், மான் தெரியாது. வாகைகுளத்தில் டோல்கேட், விமான நிலையம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள். தாமிரபரணிப் பாலம் கால் கிலோமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டு பிரேம் தேறாது. திரையில் அரை நொடிக்கும் குறைவு. பொதிகையில் பிறந்து இந்தச் சீமைக்கே சோறு போடுகிற ஆறு, கண் இமைக்கிற நேரத்தில் வந்துபோய்விடுகிறது.

இப்போது ஆற்றங்கரைச் சாலை. அதே கேமரா, அதே அமைப்பு. படம் குதறிப்போய் வருகிறது. முதல் கோளாறு வெளிச்சம். மரநிழல் மிஞ்சியிருக்கிற இடங்களில் நிழலும் வெயிலும் மாறி மாறி விழ, திரை படபடவென்று மின்னும். எக்ஸ்போஷரைத் தானியங்கியில் விட்டால் கேமரா ஒவ்வொரு நிழலுக்கும் பதறும். பூட்டிவைத்தால் நிழல் கறுத்துப்போகும், வயல் வெளுத்துப்போகும். இரண்டாவது, வேகம் ஒரு நிலையில் இல்லை. 60-இல் போய்க்கொண்டிருந்த கார் முன்னால் பஸ் நின்றதும் நிற்கும். அப்போது நொடிக்கொரு படம் வீதம் ஒரே பஸ்ஸின் பின்புறம் அறுபது, எழுபது தடவை பதிவாகும். பஸ் கிளம்பியதும் நூறு மீட்டர் ஆறே பிரேமில் பறந்துவிடும். மூன்றாவது, அரை நொடி ஷட்டர் இங்கே உதவாது. வேகத்தடையில் கார் குலுங்குகிற குலுக்கலில் வயலும் வானமும் ஒன்றாகக் கலங்கிவிடும்.

இவற்றையெல்லாம் பயிற்சி உள்ள ஒருவர் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாத கோளாறு வேறு ஒன்று. இந்தச் சாலையில் பார்க்க வேண்டியது எதுவும் நேர் எதிரே இல்லை, எல்லாம் பக்கவாட்டில் இருக்கிறது. கிழக்கே போகும்போது இடப்பக்கம் ஆறு, கால்வாய், நெல் வயல், வாழைத் தோப்பு. வலப்பக்கம் ஆதிச்சநல்லூர் பறம்பு. அலெக்சாண்டர் ரியா 1899-லிருந்து 1905 வரை தோண்டி, தாழிகளையும் இரும்பையும் பொன்னாலான நெற்றிப்பட்டங்களையும் வெளியே கொண்டுவந்த அதே மேடு. சாலையோரமாக அது அரைக் கிலோமீட்டர் நீண்டாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் 30 பிரேம், அதாவது ஒரே ஒரு நொடி. அதுவும் திரையின் ஓரத்தில் மண் நிறத்தில் ஒரு தீற்றல்.

திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். பச்சை வேட்டி, தோளில் காவடி, கையில் ஒரு பை, சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒற்றை வரிசை. கார் 40-இல் ஊர்ந்தாலும் ஒரு பிரேமுக்கு 11 மீட்டர். ஐம்பது மீட்டர் தூரத்தில் அவர்கள் ஆட்களாகத் தெரியத் தொடங்கி, நம்மைக் கடந்து பின்னால் போய்விடுவதற்குள் நாலு பிரேம், மிஞ்சினால் ஐந்து. ஆறில் ஒரு பங்கு நொடியில் ஒரு பச்சைக் கீற்று. செருப்பில்லாமல் தார் மேல் நடக்கிறவருடைய நடை அதில் எங்கே இருக்கிறது?

அப்படியானால் கேமராவை இடப்பக்க ஜன்னலுக்குத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் டைம்லாப்ஸ் தன் எல்லையைக் காட்டுகிறது. பக்கவாட்டில் பார்க்கிற கேமராவுக்கு 11 மீட்டர் நகர்வு என்பது அண்மைக் காட்சி முழுவதும் மாறிப்போவது. முதல் பிரேமில் இருந்த வாழைமரம் அடுத்த பிரேமில் இல்லை. தைப்பதற்குப் பொதுவான இழையே கிடையாது. வருவது ஓட்டமல்ல, நொடிக்கு முப்பது தனித்தனிப் புகைப்படங்களின் மோதல், பார்த்தால் தலை சுற்றும். நெடுஞ்சாலை டைம்லாப்ஸ் என்ற கலை முன்னோக்கிப் பார்க்கிற சாலைக்கென்றே அமைந்தது. வழியில் குறுக்கிடுகிற கடை, கோயில், நிழல், ஆள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டுத்தான் நான்குவழிச் சாலை போடப்படுகிறது. கேமரா சுருக்குவதற்கு முன்பே அந்தச் சாலை பயணத்தைச் சுருக்கிவிட்டது. அதனால்தான் இரண்டும் அவ்வளவு ஒத்துப்போகின்றன.

இதன் விளைவு நீண்ட பயணங்களில் கூர்மையாகத் தெரியும். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து ஸ்ரீவைகுண்டத்துக்குக் காரில் வருகிறவர், மொத்தப் பயணத்தையும் எடுக்க ஆசைப்பட்டு ஐந்து நொடிக்கு ஒரு படம் என்று வைக்கிறார். அது புத்திசாலித்தனமான கணக்குதான். நொடிக்கு ஒன்று என்றால் பத்து மணி நேரத்துக்கு 36,000 படங்கள், இருபது நிமிடம் யாரும் பார்க்கமாட்டார்கள். ஐந்து நொடிக்கு ஒன்று என்றால் 7,200 படங்கள், நாலு நிமிடம். ஆனால் திருநெல்வேலியை விட்டு ஊர்ப்பக்கம் திரும்பியபின் வருகிற கடைசி நாற்பது நிமிடத்துக்கு அதில் கிடைப்பது 16 நொடி. எந்த ஊருக்காக அத்தனை மணி நேரம் வண்டி ஓட்டினாரோ, அந்த ஊருக்குப் பங்கு வெறும் 16 நொடி. இடைவெளியைப் பயணத்துக்கு ஒன்று என்று வைக்கக் கூடாது, சாலைக்குச் சாலை மாற்ற வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

அதற்கு ஒரு வழி, நேரத்தை விட்டுவிட்டுத் தூரத்தைக் கணக்கில் எடுப்பது. அரை நொடிக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, ஜி.பி.எஸ். பதிவை வைத்து பத்து மீட்டருக்கு ஒரு படமாகப் பொறுக்கி எடுத்தால், நின்று கிளம்புகிற உலுக்கல் போய்விடும். ஊருக்குள் மெதுவாகப் போகிற இடங்களில் படம் நெய் போல ஓடும். தொழில்நுட்பமாக இது உயர்ந்த முறை. ஆனால் காத்திருப்பு முழுக்க மறைந்துவிடும். ரயில்வே கேட்டில் நின்ற நேரம், பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற நேரம், வாழைத்தார் ஏற்றிய லோடு வண்டிக்கு வழிவிட்ட நேரம் எல்லாம் சுழி. இந்தச் சாலையின் உயிரே அந்த நிறுத்தங்கள்தான் என்று நம்புகிறவன் நான். ஆகவே ஊர்களுக்கு இடையே தூரக்கணக்கு, ஊருக்குள் வந்ததும் சுருக்காத சாதாரண வீடியோ, அதுவும் சத்தத்தோடு. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பிரிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, அணைக்கட்டுப் பக்கம் முக்காலியில் கேமராவை நிறுத்திவைத்து எடுக்கிற நிலையான டைம்லாப்ஸ் இன்னும் நன்றாக வரும். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு அது. வடகால், தென்கால் இரண்டுக்கும் தண்ணீர் பிரிகிற இடம். அங்கே கேமரா அசையாது. மேகமும் தண்ணீரும் கொக்கும் அசையும்.

இந்தப் படங்களை எதற்காக எடுத்துவைக்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல பதில் இங்கிலாந்தில் இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் பி.பி.சி., ரயிலின் முன்பக்கத்தில் கேமராவை வைத்து லண்டனிலிருந்து பிரைட்டன் வரையான பயணத்தை நாலு நிமிடத்தில் ஓடுகிற படமாக்கியது. நிகழ்ச்சிகளுக்கு இடையே போடுகிற வேடிக்கைத் துண்டு, அவ்வளவுதான். 1983-இல் அதே வழியை மறுபடி எடுத்தார்கள், 2013-இல் இன்னொரு தடவை. மூன்றையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக ஓடவிட்டபோதுதான் அது ஆவணமானது. வேடிக்கையாக எடுத்ததற்கு மதிப்பு கொடுத்தது, அதே பாதையில் திரும்பவும் போய் எடுத்த படம்.

நம் பக்கம் அந்தத் தேவை இன்னும் அவசரமானது. 2023 டிசம்பர் 17-18 மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. சுமார் 800 பயணிகள் சிக்கினார்கள். எல்லாரையும் வெளியே கொண்டுவர 19-ஆம் தேதி ஆனது. அதுவரை நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துக் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஸ்ரீவைகுண்டமே வெளியுலகத் தொடர்பு அறுந்து கிடந்தது. அந்த மழைக்கு முன்பு இந்தச் சாலை எப்படி இருந்தது, எந்த வரப்பு எங்கே இருந்தது, எந்தக் கரையில் எவ்வளவு மரம் நின்றது என்பதை மீட்டருக்கு மீட்டர் காட்டுகிற ஒரு பதிவு இருந்திருந்தால் வெள்ளத்துக்குப் பிறகு அது எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும்! நான்குவழிச் சாலை இடிந்தால் அதைத் திரும்பக் கட்ட வரைபடம் இருக்கிறது. ஆற்றங்கரைச் சாலையின் பக்கவாட்டு வாழ்க்கைக்கு வரைபடம் கிடையாது.

ஆகையால் எடுக்கிறவர்கள் நான்குவழிச் சாலையை ஆண்டுக்கு ஒரு தடவை எடுத்தால் போதும். நொடிக்கு ஒரு படம், மதியத்துக்கு மேல். கிழக்கே போகிற சாலை என்பதால் காலையில் சூரியன் நேராக லென்ஸில் விழும். பிற்பகலில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். திருச்செந்தூர்ச் சாலையை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது எடுக்க வேண்டும், பிசான நெல் பச்சையாக நிற்கும்போது ஒன்று, அறுப்பு முடிந்து வயல் காய்ந்த பின் ஒன்று. கண்ணாடியில் டேஷ்போர்டு பிரதிபலிக்காமல் கறுப்புத் துணி விரித்துக்கொள்ளுங்கள். கேமரா வெயிலில் சூடேறித் தானே அணைந்துபோகும், ஏ.சி. காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பிவிட்டால் தாங்கும். வண்டி ஓட்டுகிறவர் கேமராவைத் தொடவே கூடாது, அதற்கு இடப்பக்க இருக்கையில் ஒருவர் வேண்டும். படம் தயாரானதும் மூலப் படங்களை அழித்துவிடாமல் ஜி.பி.எஸ். பதிவோடும் தேதியோடும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அதே கிலோமீட்டர் கல்லில் அதே இடத்தைத் தேடிப் பிடிக்க அவைதான் வேண்டும்.