சாலையோடு எழுந்த விடுதி: சட்பரி ஹௌ மனையின் வரலாறு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 20 மைல் தொலைவில் சட்பரி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பழைய அஞ்சல் சாலையோரம் நிற்கும் 'வேய்சைட் இன்', 1716 முதல் இடையறாது நடந்துவரும் விடுதி என்று பரவலாக எழுதப்படுகிறது. காலவரிசையை ஒழுங்காக அடுக்கிப் பார்த்தால் இக்கூற்று நிற்காது. அம்மனையின் ஏற்றமும் இறக்கமும் வாசலில் ஓடிய சாலையைப் பொறுத்தே அமைந்தன. சாலை கைவிட்டபின் அதைத் தாங்கிப் பிடித்தது ஒரு கவிதை நூல். இதுவே என் வாதம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இத்தகைய விடுதியை அன்று குறித்த 'டாவர்ன்' என்பதை மதுக்கடை என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அது பாதிதான் சரி. நம் சத்திரங்களைப் போல வழிப்போக்கருக்கு உணவும் படுக்கையும் தந்த இடம் அது. ஆனால் அறம் கருதி நடத்தியதன்று; உரிமம் பெற்று, காசு வாங்கி நடத்திய தொழில். குதிரைக்கு லாயமும் தீனியும் உண்டு. ஊர்க்கூட்டம் கூடியதும், வெளியூர்ச் செய்தி வந்து சேர்ந்ததும் அங்கேதான். இத்தகைய விடுதி இல்லாத ஊருக்கு அபராதம் விதிக்க 1656இல் மாசசூசெட்ஸ் மன்றம் சட்டம் செய்தது. குடிவெறியைக் கடுமையாகக் கண்டித்த பியூரிட்டன் சமூகமே இப்படி விதித்தது என்றால், இரவில் ஒதுங்க ஒரு கூரையில்லாமல் சாலையால் பயனில்லை என்பதை அது நன்றாக உணர்ந்திருந்தது.

நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு முதல் அஞ்சல் குதிரைவீரன் புறப்பட்டது 1673இல். அந்தத் தடத்தின் ஓரத்தில், தந்தை தந்த நிலத்தில், 1707 வாக்கில் டேவிட் ஹௌ ஒரு சிறு வீடு கட்டினார். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை; அவ்வளவுதான். 1716இல் உரிமம் பெற்றார். போக்குவரத்து பெருகப் பெருக வீடும் பக்கவாட்டிலும் பின்புறமும் நீண்டது. 1746இல் பொறுப்பேற்ற மகன் எசக்கியேல் காலத்தில் அதற்குச் 'சிவப்புக் குதிரை' என்ற பெயர் நிலைத்தது. எழுத்தறியாதவரும் அடையாளம் கண்டுகொள்ளப் படப்பலகை தொங்கவிடுவது அக்கால விடுதிகளின் வழக்கம். 1775 ஏப்ரல் 19 அன்று, அமெரிக்க விடுதலைப் போர் மூண்டு பிரிட்டிஷ் படை அருகிலுள்ள கான்கார்டு ஊருக்கு வந்த நாளில், சட்பரி ஆட்களுடன் அங்கே விரைந்தவர்களில் எசக்கியேலும் ஒருவர்.

அந்நாளைய மதுவறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அறையின் மூலையில் மரச்சட்டங்களால் ஆன கூண்டு, அதற்குள்ளே பீப்பாய்கள். இரவில் மேலிருந்து தட்டியை இறக்கிப் பூட்டிவிடுவார்கள். குளிர்காலத்தில் விரும்பிக் குடித்த பானம் 'ஃபிளிப்'. பீரும் ரம்மும் சர்க்கரையும் கலந்த குவளைக்குள், அடுப்பில் சிவக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை அழுத்துவார்கள். பானம் நுரைத்துப் பொங்கும், லேசாகக் கருகிய மணம் எழும். பனியில் நாளெல்லாம் குதிரைமேல் வந்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

சரிவும் சாலையிலிருந்தே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டனுக்கும் அதன் மேற்கே உள்ள உஸ்டருக்கும் இடையே, சட்பரியைத் தொடாமல், நேரான சுங்கச்சாலை போடப்பட்டது. 1835இல் அவ்விரு ஊர்களையும் ரயில் இணைத்தது. பயணம் சில மணி நேரத்தில் முடிந்துவிட, வழியில் தங்கவேண்டிய தேவை குறைந்துபோனது. நான்காம் தலைமுறையான லைமன் ஹௌ மணமாகாமலே 1861இல் இறந்தார். 145 ஆண்டுகள் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த தொழில் அத்துடன் நின்றது. வாரிசுகள் இரவுப் பயணிகளை ஏற்கவில்லை. கூடத்தை நடன நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள்.

கவிஞர் லாங்ஃபெலோ, பதிப்பாளர் ஜேம்ஸ் ஃபீல்ட்ஸுடன் அங்கே வந்தது 1862 அக்டோபர் 31 அன்று. விடுதி மூடிக் கிடந்த வருத்தம் அவருடைய நாட்குறிப்பில் தெரிகிறது. ஹௌ குடும்பம் 175 ஆண்டுகள் விடுதி நடத்தியதாகவும் அதில் எழுதியிருக்கிறார். உரிமத்தின் ஆண்டோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 30 ஆண்டு மிகை. மறு ஆண்டே 'வேய்சைட் விடுதிக் கதைகள்' வெளிவந்தது. அதில் கணப்படுப்பைச் சுற்றிக் கதை சொல்வோர் பெரும்பாலும் கவிஞருக்குத் தெரிந்த மெய்யான மனிதர்களே. நார்வே வயலின் கலைஞர் ஓலே புல், கவிஞர் பார்சன்ஸ், சிசிலிக்காரர் லூயிஜி மோன்ட்டி என்று அடையாளம் சொல்லலாம். நூலில் வாய்திறக்கும் விடுதிக்காரரோ அதற்கு இரண்டாண்டு முன்பே மறைந்த லைமன். தொழில் செத்த பிறகுதான் புகழ் பிறந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் புகழை நம்பி 1897இல் கம்பளி வணிகர் எட்வர்டு லெமன் மனையை வாங்கி மீண்டும் விடுதியாக்கினார். நூலின் பெயரே கட்டடத்தின் பெயராயிற்று. ஆக, 1861க்கும் 1897க்கும் இடையே 36 ஆண்டு இடைவெளி. 'இடையறாமல்' என்ற சொல் இங்கேதான் உடைகிறது.

1923இல் ஹென்றி ஃபோர்டு வாங்கினார். சுற்றியிருந்த நிலங்களைச் சேர்த்தார். வேறோர் ஊரின் பழைய பள்ளிக்கூடத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். 1929இல் நீராற்றலில் ஓடும் மாவரைக்கும் ஆலையை எழுப்பினார். ஊருக்கு ஊர் காரைக் கொண்டுசேர்த்த அதே மனிதர், வாசலில் ஓடிய கார்களால் கட்டடம் அதிர்கிறதென்று, தம் செலவில் நெடுஞ்சாலையைத் தள்ளிப் போடவைத்தார்.

1955 டிசம்பர் 22 இரவு தீப்பற்றிக் கட்டடத்தின் பெரும்பகுதி அழிந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியால் சீரமைத்து 1958இல் மறுபடி திறந்தார்கள். எனவே இன்று காண்பதை 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று ஒரே சொல்லில் சொல்வது பிழை. ஹௌ குடும்பம் வளர்த்ததும், லெமன் அலங்கரித்ததும், ஃபோர்டு திருத்தியதும், தீக்குப்பின் தச்சர்கள் மீட்டதும் சேர்ந்த மனை அது. அடுக்கடுக்கான அந்த உழைப்பை மறைக்காமல் சொல்வதே அதற்குச் செய்யும் மரியாதை.

20ஆம் எண் நெடுஞ்சாலையின் வண்டிகள் இப்போதும் ஃபோர்டு ஒதுக்கிவிட்ட வழியில்தான் போகின்றன. பழைய அஞ்சல் சாலை விடுதியின் வாசலை ஒட்டியே கிடக்கிறது.