நாற்காலியின் மறுப்பு: ஒரு கனடியக் குறும்படமும் மன்னார்குடி ஒப்பந்தமும்

முன்னுரை

அன்றாடப் பயன்பொருளை மையமாகக் கொண்ட சோதனைக் குறும்படங்களுள் 1957-இல் கனடா தேசியத் திரைப்பட வாரியம் வெளியிட்ட 'எ சேரி டேல்' குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் தேவதைக் கதையைக் குறிக்கும் தொடரில் நாற்காலியைப் பொருத்திய சொல்விளையாட்டே இத்தலைப்பு. நார்மன் மெக்லாரனும் கிளாட் ஜுத்ராவும் இயக்கிய இப்படம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1958-இல் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் சிறப்பு விருதைப் பெற்றது. உழைப்பவரைக் கருவியாகக் கருதிய காவிரிப் படுகையின் பண்ணை முறையோடு இப்படத்தை ஒப்புநோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படத்தின் அமைப்பு

உரையாடலற்ற இப்படம் ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடுகிறது. நூலுடன் வரும் இளைஞன் நாற்காலியில் அமர முற்பட, அது விலகுகிறது. துரத்தலும் வலிந்து பிடித்தலும் பயன் தரவில்லை. தன்மீது அமர்பவன் தன்னையும் ஒருமுறை தாங்க வேண்டும் என்பதே அதன் விருப்பம் என்பதை அவன் இறுதியில் உணர்கிறான். அவன் இசைந்த பின்னரே நாற்காலியும் இசைகிறது. மெல்லிய இழைகளைக் கொண்டு எவலின் லாம்பார்ட் நாற்காலியை இயக்கினார். ரவிசங்கரின் சிதாரும் சதுர்லாலின் தபேலாவும் பேசாப் பொருளுக்குக் குரலாயின.

மன்னார்குடி ஒப்பந்தம்

கீழத்தஞ்சையில் மிராசுதார் அமர்ந்திருக்கப் பண்ணையாள் நின்றே பேசுவது வழக்கமாக இருந்தது. சாட்டையடியும் சாணிப்பால் புகட்டுதலும் தண்டனைகளாக நிலவின. பி. சீனிவாசராவ் முதலியோர் அமைத்த விவசாயிகள் இயக்கத்தின் விளைவாக, 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் இக்கொடுமைகளைக் கைவிடச் செய்தது. கருவியாகக் கருதப்பட்டோர் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பினராக ஏற்கப்பட்டதே இதன் வரலாற்றுச் சிறப்பு. நாற்காலியின் மறுப்பு உணர்த்துவதும் இத்தகைய ஏற்பையே.

எனினும் இரண்டும் ஒன்றல்ல. படத்தில் தனிமனிதன் ஒருவனின் மனமாற்றமே சிக்கலைத் தீர்க்கிறது. மன்னார்குடியில் கூட்டுப் போராட்டமே இசைவை உண்டாக்கியது. அந்த இசைவும் தானே நிலைக்கவில்லை. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது. கூலி உயர்வுக் கோரிக்கை தொடர்ந்த சூழலில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்.

முடிவுரை

பயன்படுத்துவோனும் பயன்படுவதும் இடம் மாறும்போதே உறவு சமனாகும் என்பதை இக்குறும்படம் நகைச்சுவையாக நிறுவுகிறது. அந்த இடமாற்றத்தை ஆள்வோர் தாமாக முன்வந்து ஏற்பர் என்னும் அதன் நம்பிக்கையைக் கீழத்தஞ்சையின் வரலாறு உறுதிசெய்யவில்லை.